அத்தையும் மாமாவும் மூளையைக் கொடுத்த கதை

என் மாமியாரின் முகத்தைப் பார்ப்பதற்குப் பல வருடங்கள் முன்பே அவர் குரலுக்குக் கட்டுப்பட்டு நான் ஓடியிருக்கிறேன். நான் மட்டுமல்ல, ஊரே ஓடியிருக்கிறது. ரயில் நிலையத்தில் அவர் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம், எது ரத்து என்று ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு முப்பது வருடம் சொன்னவர். அங்கே பெட்டி தூக்குகிறவர்களிலிருந்து டீ விற்கிறவர்கள் வரை எல்லோருக்கும் அவர் 'மைக் அக்கா'.

வீட்டில் மைக் கிடையாது, தேவையும் இருக்கவில்லை. என் கணவர் என்னை முதன்முதலாக அங்கே அழைத்துப் போனபோது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, "கதவு திறந்துதான் இருக்கு. செருப்பை இடது பக்கமா விட்டுட்டு உள்ள வரலாம்" என்று ஒரு குரல் வந்தது. எனக்கு உடனே பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தோன்றியது. அந்தக் குரலைக் கேட்டால் வண்டி கிளம்பப் போகிறது என்றுதான் உடம்புக்குத் தெரியும்.

சாப்பாடு தாமதமானால்கூடக் காரணம் சொல்லித்தான் அத்தை தாமதிப்பார். "குக்கர் ரப்பர் போயிடுச்சு. சாப்பாடு இருபது நிமிஷம் லேட். சிரமத்துக்கு வருந்துறேன்." வருந்துகிற தோரணையே அதில் இருக்காது.

மாமாவுக்கு ஒரு செருப்புக் கடையில் வேலை. முதலாளி இல்லை, விற்பனையாளர். ஆட்களைக் காலிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. தெருவில் யாரையாவது பார்த்துவிட்டு வந்து, "அந்த ஏழாம் நம்பர் பிரவுன் ஷூ என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போறான், யாருன்னே தெரியல" என்பார். ஏழாம் நம்பர் அவருடைய சொந்த மச்சானாக இருக்கும்.

நோய் முதலில் அவருடைய துறையில்தான் தலைகாட்டியது. அத்தையின் இடது செருப்பு முன்பக்கம் தேய்ந்துகொண்டே வந்தது. வலது புதிதாக இருக்கும், இடது மட்டும் பெருவிரல் பக்கம் ஓட்டை விழுந்துவிடும். மாமா அதைப் பெரிய அநியாயமாக எடுத்துக்கொண்டார். புது ஜோடி வாங்கிக் கொடுத்தார், அதுவும் தேய்ந்தது. வேறு கம்பெனி, வேறு தோல், அதுவும் தேய்ந்தது. கடைசியில் இடது செருப்பை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தயாரிப்பாளரின் கிடங்குக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். "என்னய்யா, வலதுக்கு ஒரு தோல், இடதுக்கு ஒரு தோலா?" அவர்கள் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார்களாம். ஜெயித்துவிட்டு வந்த மனிதரைப் போல வீட்டுக்குள் நுழைந்தார்.

அதே சமயம் நிலையத்தில் வேறொரு கூத்து. அறிவிப்பு சரியாகக் கேட்கவில்லை என்று பயணிகள் புகார் செய்தார்கள். மைக்கை மாற்றினார்கள். பிறகு ஒயரை மாற்றினார்கள். பிறகு கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கிகளைத் துடைத்தார்கள். அத்தையும் மும்முரமாக மைக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவருக்கு லீவு. மாற்றாக வந்த பெண் பேசியதும், நடைமேடையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மைக்குக்கு ஒன்றுமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

இப்படியாக ஒரு செருப்பையும் ஒரு மைக்கையும் நாலு தடவை மாற்றிய பிறகுதான், ஆளைப் பார்க்கலாமே என்று எங்களுக்குத் தோன்றியது.

நரம்பு டாக்டர் அத்தையை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார்.

"எதுக்கு?"

"முகத் தசை எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்."

அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "இவர் கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனவகிட்ட, திடீர்னு காரணமே இல்லாம சிரின்னா எப்படி டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். அத்தை முகம்தான் அசையவில்லை. நகைச்சுவை வாயிலிருந்து வந்தது, கண்ணிலும் கன்னத்திலும் வரவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. சில மாதங்களாக அவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் இறுகிப் போனதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பார்கின்சன் நோய் என்றார் டாக்டர்.

"கை நடுங்கலையே சார்?" என்றார் மாமா, பேரம் பேசுகிறவரைப் போல.

"எல்லாருக்கும் நடுங்கணும்னு இல்ல. சிலருக்கு உடம்பு இறுகும், ஒரு கால் தரையில இழுபடும், நடை மெதுவாகும், குரல் இறங்கும், எழுத்து சின்னதாகும். மூளைக்குள்ள ஒரு இடத்துல டோபமின்னு ஒரு பொருள் சுரக்குது. அதைச் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகுது. மாத்திரை இருக்கு, நல்லாவே கேக்கும். முழுசா குணமாக்க இன்னும் வழி இல்ல."

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த செல் ஏன் சாகுது?" என்றார்.

"அது இன்னும் சரியா தெரியலம்மா."

"தெரியலையா?"

"நிறைய ஆராய்ச்சி நடக்குது..."

"டாக்டர், முப்பது வருஷத்துல நான் ஒரு வண்டியைக்கூட காரணம் சொல்லாம லேட்டுன்னு அறிவிச்சதில்ல. சிக்னல் கோளாறும்பேன், பனிமூட்டம்பேன், தண்டவாளத்துல மாடுன்னுகூட சொல்லியிருக்கேன். நீங்க என்னடான்னா, வண்டியே நின்னுபோச்சு, காரணம் தெரியலன்னு சாவகாசமா உக்காந்திருக்கீங்க."

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்தார். வேறென்ன செய்வார் பாவம்.

மாத்திரை நிஜமாகவே கேட்டது. அத்தை வேலையை விட்டுவிட்டார், ஆனால் நடந்தார், சமைத்தார், என் சமையலில் குறை கண்டார். குரல் மட்டும் திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுக்கிற பெண் சின்னவள். "உங்களுக்குச் சத்தமா தோணுறது வெளிய மெதுவாத்தான் கேக்கும். கத்துற மாதிரி நினைச்சுப் பேசுங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தாள். ஊருக்கே கத்தியவருக்கு அந்த வயதில் கத்தக் கற்றுக் கொடுத்தார்கள். அத்தை வகுப்பில் கஷ்டப்பட்டுக் கத்துவார், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவார்.

மாமாவுக்கு இதில் ஒரு வசதி கிடைத்தது. வாழ்நாள் முழுக்க எதிர்த்துப் பேச முடியாமல் இருந்தவர். இப்போது அத்தை, "கடைக்குப் போய்ட்டு வாங்க" என்று மெல்லச் சொன்னால், "என்னது? கேக்கலையே" என்று பத்திரிகையைப் பிரித்துக்கொள்வார். கொஞ்ச நாள் இது நடந்தது. பிறகு என் கணவர் ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கி வந்தார். சுற்றுலா வழிகாட்டிகள் இடுப்பில் கட்டிக்கொள்வார்களே, அது. அத்தை அதை மாட்டிக்கொண்ட முதல் நாள் காலையில், "கூடத்துல பேப்பர் படிச்சுட்டிருக்கிறவர் கவனிக்கவும்" என்று ஆரம்பித்தார். மாமா செருப்புக்கூட மாற்றாமல் கடைக்குப் போனார்.

மூளை பற்றிய பேச்சு வந்தது ஆஸ்பத்திரி உடற்பயிற்சி வகுப்பில். வாரம் ஒருமுறை நோயாளிகளையும் துணைக்கு வருகிறவர்களையும் உட்கார வைத்து, கையை வீசச் சொல்வார்கள், தாளத்துக்கு நடக்க வைப்பார்கள். மாமாதான் அத்தையைக் கூட்டிப் போவார், அந்த வாரம் நானும் போயிருந்தேன். பயிற்சி முடிந்ததும் மூளை வங்கியிலிருந்து வந்திருந்த நர்ஸ் ஒருவர் எழுந்து பேசினார். நடுத்தர வயது, தெளிவான பேச்சு.

இந்த நோய் மூளையில் என்ன செய்கிறது என்பதை உயிரோடு இருக்கிறவரின் தலைக்குள் போய்ப் பார்க்க முடியாது. எலியிடம் கேட்டால் எலியின் பதில்தான் வரும். அதனால் இறந்த பிறகு மூளைத் திசுவைக் கொடுக்கச் சம்மதிப்பவர்கள் வேண்டும். ஒரு மூளை கிடைத்தால் பாதியை உறைய வைப்பார்கள், பாதியைப் பதப்படுத்துவார்கள். சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல ஆய்வாளர்களுக்குப் போகும். இதெல்லாம் சொல்லிவிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

செத்த பிறகு நடப்பதைப் பற்றி, இப்போதுதான் கையை வீசி உடற்பயிற்சி செய்தவர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்? அத்தை இடுப்பு ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினார்.

"எவ்வளவு நேரத்துக்குள்ள வரணும்?"

"ஒரு நாளைக்குள்ளம்மா. சீக்கிரம் கிடைச்சா இன்னும் நல்லது."

"லேட்டானா?"

"திசு கெட ஆரம்பிச்சிடும்."

"அப்போ நேரத்தோட சம்பந்தப்பட்ட வேலைதான்" என்றார் அத்தை. அவர் குரலில் ஒரு திருப்தி தெரிந்தது. அவருக்குத் தெரிந்த வேலை.

வீட்டில் ஏக ரகளை. மாமா முதல் தடவையாக உண்மையிலேயே எதிர்த்தார். "உன் தலையில யாரையும் கை வைக்க விடமாட்டேன். செத்தப்புறம் நீ மூளை இல்லாம போவியா?"

"இருக்கிறப்பவே அதை வச்சுக்காம சமாளிக்கிறவங்க நம்ம வீட்டுலயே இருக்காங்களே" என்றார் அத்தை.

அத்தையின் அக்கா, என் கணவருக்குப் பெரியம்மா, பக்கத்துத் தெருவிலிருந்து கேள்விப்பட்டு ஓடி வந்தார். அவருக்கு வேறு கவலை. "பார்க்க வர்றவங்க முன்னாடி உன்னைத் தொப்பி போட்டுப் படுக்க வைக்கணுமாடீ? நல்லா இருக்குமா அது?"

"தொப்பி எனக்கு நல்லாத்தான் இருக்கும் அக்கா. உனக்குத்தான் பொருந்தாது."

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான், அம்மாவின் அறிவிப்புகளுக்கு நடுவில் வளர்ந்தவர். கடைசியில் நர்ஸையே வீட்டுக்கு வரச் சொன்னோம்.

நர்ஸ் பெரியம்மாவைத்தான் முதலில் சமாளித்தார். முகத்தில் ஒரு கீறல் இருக்காது, தலைக்குப் பின்பக்கமாகத்தான் திறப்பார்கள், தைத்து முடியைச் சீவிவிட்டால் யாருக்கும் தெரியாது, அடக்கத்துக்கும் தாமதம் ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். பெரியம்மா பாதி நம்பினார். பிறகு மாமாவைப் பார்த்து நர்ஸ் கேட்டார்:

"ஐயா, உங்களுக்கு இந்த மாதிரி நோய் எதுவும் இல்லையே?"

"எனக்கா? ஜலதோஷம்கூட வராது."

"அப்போ உங்க மூளையும் எங்களுக்கு ரொம்ப வேணும்."

"என்னோடதா?" என்றார் மாமா.

"ஆமாங்க. நோய் வந்த மூளையை மட்டும் பார்த்தா எது நோயால வந்தது, எது வயசால வந்ததுன்னு சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மூளை வேணும். நோயாளிங்க நிறைய பேர் கொடுக்கிறாங்க. நல்லா இருக்கிறவங்கதான் கொடுக்கிறதில்ல. எங்களுக்கு எப்பவும் அதுக்குத்தான் பஞ்சம்."

மாமா மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். வாழ்க்கையில் யாரும் அவரிடம், அதுவும் அத்தை எதிரில், உங்கள் மூளை வேண்டும் என்று கேட்டதில்லை.

"நர்ஸம்மா" என்றார் அத்தை. "அவசரப்படாதீங்க. நல்லா விசாரிச்சுட்டு வாங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்."

அன்றைக்கே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வங்கியின் தொலைபேசி எண் உள்ள அட்டையை நர்ஸ் கொடுத்தார். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தோம். அது அத்தைக்காக என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து இரண்டு பேருக்கும் பரீட்சை வைப்பார். நடை, கை வேகம், ஞாபக சக்தி எல்லாம். ஐந்து வார்த்தைகள் சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசிவிட்டு, திரும்பக் கேட்பார். மாமா இதற்கு முந்தின வாரமே தயாராக ஆரம்பித்துவிடுவார். முதல் வருடம் கேட்ட வார்த்தைகளைக் கத்தரிக்கோல், குடை, வாளி, பொத்தான், மேகம் என்று குளியலறையில் உருப்போட்டார். இரண்டாவது வருடம் நர்ஸ் புதிதாக ஐந்து வார்த்தை கொண்டுவந்தார். மாமா அசரவில்லை. புது ஐந்தையும் சொல்லி, கையோடு பழைய ஐந்தையும் சொல்லி முடித்தார். நர்ஸுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை.

அத்தைக்கு எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. கடிகாரம் வரையச் சொன்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு வரைவார்.

"இது கடிகாரமா, கடுகா?" என்றார் மாமா எட்டிப் பார்த்து.

"கைக்கடிகாரம்" என்றார் அத்தை, தலை நிமிராமல்.

நர்ஸ் போன பிறகு மாமா அன்று முழுவதும் உல்லாசமாக இருப்பார். "எனக்கு எல்லாம் நார்மலாம்" என்று மளிகைக் கடையில்கூடச் சொல்லிவிட்டு வருவார். மாலையில் அத்தையின் காலை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவார். இறுகிப் போன கால் அது. செருப்புக் கடைக்காரரின் கை என்பதால், எங்கே அழுத்தினால் இதமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "இந்த ஒரு வேலையை ஒழுங்கா செய்றீங்க" என்பார்.

மாமா இறந்தது ஒரு சனிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஜலதோஷம்கூட வராத மனிதர் இப்படி முன்னறிவிப்பில்லாமல் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வீடு நிரம்பிவிட்டது. பெரியம்மா அழுதார், பக்கத்து வீட்டார் அழுதார்கள், செருப்புக் கடை முதலாளி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். நான் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தேன். குளிர்சாதனப் பெட்டியைப் பல தடவை திறந்து மூடினேன், தண்ணீர் எடுக்க. கதவில் இருந்த அட்டை என் கண்ணில் படவே இல்லை.

அத்தை மாமாவின் பக்கத்தில் அசையாமல் இருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. வந்தவர்களில் சிலர், "இன்னும் அழலையே, அழ வைங்க" என்று என்னிடம் முணுமுணுத்தார்கள். அந்த முகம் அழாது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

"போனைக் கொடு" என்றார் அத்தை. நான் குனிந்துதான் கேட்டேன். "அந்த அட்டையையும் எடுத்துட்டு வா."

என் கணவர் தலையை நிமிர்த்தினார். "அம்மா, இப்போ வேணாம்மா. அப்பாவை விட்டுடலாம்."

"அப்பா பரீட்சை எழுதி பாஸ் பண்ணவர்டா. சும்மா அனுப்ப முடியாது."

எண்ணை நான் அழுத்திக் கொடுத்தேன். மறுமுனையில் ஒரு இளைஞன். அத்தை பேசினார். கூடம் முழுக்க அழுகையும் பேச்சும். "கேக்கலைங்க, கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று அவன் சொல்வது எனக்கே கேட்டது. அத்தை மறுபடி பேசினார். "ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றான் அவன். இடுப்பு ஒலிபெருக்கியை எங்கே வைத்தேன் என்று நான் தேட, அது எங்கேயும் இல்லை. போனை நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அத்தை தரவில்லை.

அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

"கவனிக்கவும்" என்றார்.

கூடம் அப்படியே நின்றது. அழுதுகொண்டிருந்த பெரியம்மா வாயைத் திறந்தபடியே நிறுத்தினார். வாசலில் நின்ற செருப்புக் கடை முதலாளி கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வருடக் கணக்கில் நாங்கள் கேட்காத குரல்.

"உங்க வங்கியில பதிவு செஞ்ச நன்கொடையாளர் ஒருத்தர் இன்னிக்கு மதியம் காலமாயிட்டார். நோய் இல்லாதவங்க பிரிவு. வயசு எழுபத்தொண்ணு. வீட்டுலதான் இருக்கார், டாக்டர் பார்த்து உறுதி செஞ்சாச்சு. வண்டி பின்பக்கத் தெரு வழியா வரணும். முன்பக்கத் தெருவுல குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருக்காங்க, வண்டி நுழையாது." முகவரியைச் சொன்னார். பிறகு முழுவதையும் ஒரு எழுத்து மாறாமல் இன்னொரு தடவை சொன்னார். எதையும் இரண்டு தடவை சொல்வது அவர் தொழில். அவன் மறுமுனையில் என்ன கேட்டானோ, "நான் அவர் சம்சாரம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்து பழையபடி உள்ளே போய்விட்டது. போனை என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு அவர் உதடு அசைந்ததே தவிர, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அதிர்ந்துகொண்டிருந்தது.

நெருக்கடியில் சிலருக்கு இப்படி ஒரு கணம் எல்லாம் திரும்பி வருவதுண்டு என்று டாக்டர் பின்னால் சொன்னார். ஏன் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

வண்டி பின்பக்கத் தெரு வழியாக வந்து, மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவந்தது. பெரியம்மா முதல் ஆளாகப் போய் நெற்றியைப் பார்த்தார், காதோரம் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையே" என்றார், கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி. அத்தை மட்டும் பார்த்துவிட்டார். "வகிடு தப்பு. இவர் வலது பக்கம் எடுப்பார்." சீப்பு கேட்டார். நான் சீவிவிடுகிறேன் என்றதைக் கேட்கவில்லை. இறுகிய விரல்களால் சீப்பைப் பிடித்து, தலையில் ஒவ்வொரு இழையாக இழுத்து வகிட்டை வலதுக்கு மாற்றினார். வெகுநேரம் பிடித்தது. இந்த மனிதரைத் திருத்த அவருக்கு எப்போதுமே வெகுநேரம் பிடித்திருக்கிறது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சில மாதம் கழித்து நர்ஸ் வந்தார். பரிசோதனை முடிந்துவிட்டது, தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டார். அத்தை தலையாட்டினார்.

"வயசுக்கு ஏத்த சின்னச் சின்ன மாற்றம் இருக்கு. மத்தபடி ரொம்ப நல்ல மூளைம்மா. நல்லபடியா, நேரத்துக்குக் கிடைச்சது. இப்பவே அஞ்சாறு ஆராய்ச்சிக்குப் போயிடுச்சு."

"நல்ல மூளை" என்றார் அத்தை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒரு தடவையாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாம். காதுல விழுந்திருந்தா ஆடித் தீர்த்திருப்பார்."

கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. முகம் அசையாமலே அழலாம் என்று அன்றைக்குப் பார்த்தேன். நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகிறபோது, ஆய்வுக்கூடத்தில் குடும்பத்தார் வந்து பார்வையிட ஒரு நாள் இருப்பதாகவும், விருப்பமிருந்தால் வரலாம் என்றும் சொன்னார்.

போனோம். நான்தான் கார் ஓட்டினேன், வழி முழுக்கப் பின்சீட்டிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. ஆய்வுக்கூடம் பயமுறுத்துகிற மாதிரி இல்லை. சுத்தமான நீள அறை, மேஜைகள், ஒரு ஓரத்தில் ஆள் உயர உறைபெட்டிகள், அவை போடுகிற தாழ்ந்த இரைச்சல். எங்களுக்குச் சுற்றிக்காட்டியவர் ஒரு இளம் பெண் விஞ்ஞானி. நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாடித் தகடுகளை வைத்துக் காட்டினார். முதலாவதில் கறுப்புப் புள்ளிகள் அப்பியிருந்தன. "இதுதான் டோபமின் சுரக்கிற செல்கள். இது நோய் இல்லாதவரோடது." இரண்டாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், பாதி ஊர் காலி செய்துவிட்டுப் போன மாதிரி. அது யாருடையது என்று அவர் சொல்லவில்லை, எங்களுக்குப் புரிந்தது.

அத்தை முதல் தகட்டுக்குத் திரும்பிப் போய், மூக்குக் கண்ணாடி நுண்ணோக்கியில் இடிக்க இடிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது யாரோடது?"

"அதைச் சொல்லக்கூடாதும்மா. எங்களுக்கே தெரியாது, நம்பர் மட்டும்தான் இருக்கும்."

"சரி, யாரோ ஒருத்தர்" என்றார் அத்தை. "நெருக்கமா, நல்லா இருக்கு." பிறகு, "என்னோடது ரெண்டாவது மாதிரிதானே இருக்கும்?"

விஞ்ஞானி தயங்கினார். "இருக்கலாம்மா."

"ஏன் போச்சுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"இன்னும் இல்லம்மா. எந்த செல் முதல்ல போகுது, எது கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்குதுன்னு இப்போ ஓரளவு தெரியுது. தாக்குப்பிடிக்கிறது எப்படிப் பிடிக்குதுன்னுதான் நான் பார்த்துட்டிருக்கேன்."

"பாரு. எனக்காகக் காத்திருக்காதே, கையில இருக்கிறதை வச்சு வேலையை நடத்து. நான் மெதுவாத்தான் வருவேன்."

விஞ்ஞானி சிரித்தார். "நீங்க ரொம்ப மெதுவாவே வாங்கம்மா."

கிளம்புகிறபோது வாசற்படியில் அத்தையின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. குறுகலான வாசலைக் கண்டால் அப்படி ஆகும். மூளை போ என்று சொன்னாலும் கால் கேட்காது. நான் கையைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"இழுக்காதீங்க, விழுந்துடுவாங்க" என்ற விஞ்ஞானி, அத்தையின் முன்னால் போய்த் தன் பாதத்தைக் குறுக்காக வைத்தார், ஒரு கோடு போட்ட மாதிரி. "இதைத் தாண்டுங்கம்மா. என் ஷூவைத் தாண்டி வைங்க."

அத்தை குனிந்து அந்த ஷூவைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தார். அடுத்த காலும் வந்தது. நடந்துவிட்டார்.

"இதெல்லாம் புத்தகத்துல படிச்சதா?"

"இல்லம்மா. எங்கப்பா."

அத்தை நின்றார். "எத்தனை வருஷமா?"

"நான் காலேஜ் சேர்ந்த வருஷத்திலேர்ந்து."

"எப்படி இருக்கார்?"

"மாத்திரையை ஒளிச்சு வச்சுட்டுச் சாப்பிட்டேன்னு பொய் சொல்றார். அம்மாகூட தினம் சண்டை."

"சண்டை போடுறாரா? அப்போ நல்லாத்தான் இருக்கார்" என்றார் அத்தை. கார் வரைக்கும் அந்தப் பெண் கூடவே நடந்து வந்தார். இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். அத்தை குரல் எனக்குக் கேட்கவில்லை, அந்தப் பெண் சிரிப்பது மட்டும் கேட்டது. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.